அந்தாலியாவில் கல்யாணமா? மாதத்தை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருக்கியின் அந்தாலியா கடற்கரையில் நம்மவர்கள் கல்யாணம் நடத்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் "ஆண்டுக்கு 300 நாள் வெயில், எந்த மாதமும் போகலாம்" என்ற வரியைப் பார்த்ததும் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் இந்த ஊரில் இந்தியக் கல்யாணங்களுக்கு மணவறையும் பூ அலங்காரமும் செய்து கொடுக்கிறேன். வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே பிழைப்பு நடக்கிறது. அந்த ஒரு வரியை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு எனக்கு போன் செய்து "மழை வருமாம்மா?" என்று கேட்கும் அப்பாக்கள் அதிகம்.

300 நாள் என்பது பொய் என்று சொல்லவில்லை. மீதி 65 நாள் எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மழைக்குப் பேர்போன லண்டனில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 600 மி.மீ. பெய்கிறது. அந்தாலியாவில் 1,000 மி.மீ.க்கும் மேல்! லண்டனில் வருடம் பூராவும் தூறித் தூறித் தீர்ப்பதை விட அதிகமான தண்ணீரை இந்த ஊர் வானம் நவம்பரில் தொடங்கி மார்ச்சுக்குள் கொட்டிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்திலேயே ஆண்டு மழையில் பாதியை நெருங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் கூட்டினாலும் 10 மி.மீ. தேறுவது அபூர்வம்.

இதற்குக் காரணம் ஊரின் அமைப்புதான். கடலை ஒட்டிக் கொஞ்சம் சமவெளி, அதன் முதுகில் 2,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் தோரோஸ் மலை. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் மேற்கிலிருந்து வரிசையாக வரும்போது, தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் மோதி மேலே ஏறி, இருக்கும் நீரையெல்லாம் இறக்கிவிடும். கோடையிலோ காற்று மேலிருந்து கீழே அமுங்குவதால் மேகம் கூடவே முடியாது. அதிலே ஒரு வேடிக்கை: இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பலமாகப் பெய்யும்போது வெளிப்படும் வெப்பம்தான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே இந்தக் கிழக்கு மத்தியதரைப் பகுதியில் காற்று கீழிறங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே குடை விரிந்தால் இங்கே வானம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். நம் வீடுகளில் தேதியைக் குறிப்பவர் ஜோசியர். ஹோட்டல்காரர் கையில் இருப்பதோ ஐரோப்பியக் காலண்டர். நம்முடைய முகூர்த்த மாதங்களை இந்த ஊர் வானிலையின் மேல் வைத்துப் பார்த்தால் சில மாதங்கள் கச்சிதமாகப் பொருந்தும், சில மாதங்கள் நேரெதிர். உங்கள் கட்டுரையில் நான் தேடியது அதைத்தான்.

வைகாசியில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை பகலில் 26 முதல் 30 டிகிரி, மழை ஏறக்குறைய ஓய்ந்திருக்கும், ஜூனில் இருட்ட எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். மாலை வரவேற்பைக் கடலோரத்தில் வைத்தால் சாப்பாடு முடியும்வரை இயற்கை வெளிச்சமே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். மே மாதத்தில் வெயிலைப் பார்த்துக் கடலும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கடல் நிதானமாகச் சூடேறி நிதானமாக ஆறும். மே நடுவில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் அதில் சிரித்துக்கொண்டே நீந்துவார்கள். நம் பிள்ளைகள் முழங்கால் வரை இறங்கிவிட்டு ஹோட்டலின் வெந்நீர்க் குளத்துக்கு ஓடிவிடுவார்கள். பள்ளி விடுமுறையை உத்தேசித்துச் சித்திரைத் தொடக்கத்திலேயே வருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஏப்ரலில் தண்ணீர் 18 டிகிரிக்கு அருகில்தான். ஊர் சுற்ற அருமையான மாதம், குளிக்க இல்லை.

ஆனியில் வெயில் ஏறும். ஆடியில் நாமும் கல்யாணம் வைப்பதில்லை, அது நல்லதாகவே போயிற்று. ஆவணிதான் வில்லங்கம். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை முகூர்த்தங்கள் நிறைய, பஞ்சாங்கம் பச்சைக்கொடி காட்டும், வானிலைப் பட்டியலில் மழை என்ற பேச்சே இருக்காது. அதிகபட்ச வெப்பம் சராசரி 34 டிகிரி என்று போட்டிருக்கும். "இதெல்லாம் எங்களுக்கு ஒரு வெயிலா?" என்பார்கள். அந்தச் சராசரிக்குள் இரண்டு விதமான வெயில் ஒளிந்திருக்கிறது என்பது வந்து இறங்கிய பிறகுதான் புரியும்.

பகலில் கடலிலிருந்து காற்று வீசும் நாட்களில் ஈரப்பதம் ஏறிவிடும். பட்டுப்புடவை முதுகில் ஒட்டும், ராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். இது நாம் அறிந்த புழுக்கம்தான், சமாளித்துவிடலாம். இன்னொன்று போய்ராஸ் என்று இங்கே சொல்லும் வடக்குக் காற்று. உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து தோரோஸ் மலையைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது அழுத்தத்தில் சூடேறி, அடுப்பைத் திறந்தாற்போல் ஊருக்குள் வரும். அன்றைக்கு வெப்பம் 40-ஐத் தாண்டும், ஈரப்பதம் அடிமட்டத்துக்குப் போகும். ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டிய மல்லிகைச் சரத்தை, தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் அத்தை தொட்டுப் பார்த்தார். அப்பளம் மாதிரி பொடிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. கார்னேஷன் தலை தொங்கிவிட்டது. ரோஜா இதழின் ஓரம் கருத்துச் சுருண்டது. வாசலில் கட்டிய வாழை இலை மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. (வாழைமரத்துக்கு நாம் கவலைப்பட வேண்டாம். அலன்யா, காசிபாஷா பக்கம் வாழைத் தோட்டங்கள் நிறைய. குலையோடு மரத்தைக் கேட்டபோது தோட்டக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது பழகிவிட்டார்.) போய்ராஸ் அடிக்கும் நாளில் இந்த ஊர்க்காரர்கள் பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார்கள். வசதியுள்ளவர்கள் கோடை முழுக்க மலைமேல் இருக்கும் யாய்லா வீடுகளுக்குப் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரன் ஊரைக் காலி செய்யும் மாதத்தில்தான் நாம் எழுபது வயதுப் பாட்டியை அழைத்து வந்து மதியம் பெர்கே என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுகிறோம். அந்தத் தூண் வரிசைத் தெருவில் ஒதுங்க நிழல் கிடையாது. அஸ்பெண்டோஸில் இருக்கும் ரோமானியர் காலத்து அரங்கின் கல்படிகள் உட்கார முடியாத அளவுக்குக் காய்ந்திருக்கும். ஆவணியில் வந்தே தீர வேண்டுமென்றால் இடிபாடுகளைக் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், முகூர்த்தத்தைக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் வையுங்கள், கடலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அப்போது 28 டிகிரி. அந்த மாதத்தில் கடல் ஒன்றுதான் சலுகை.

கோடைக் கல்யாணத்தில் நெருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜூலை 28 அன்று மனவ்காத் பகுதியில் மூண்ட காட்டுத்தீ இந்த மாகாணத்தையே உலுக்கியது. ஹோட்டல்கள் நிறைந்த பெலெக் பக்கமெல்லாம் பைன் மரங்கள். அதனால் கோடையில் திறந்தவெளி நெருப்பு என்றாலே இங்கே எல்லோரும் விறைத்துக்கொள்வார்கள். ஹோமம் உண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, குண்டத்தின் அளவைச் சொல்லி, மணல் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் நிற்க அனுமதி வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. கடைசி நாளில் சொன்னால் ஐயரும் ஹோட்டலின் பாதுகாப்பு அதிகாரியும் பேசிக்கொள்ளும் மொழியில் நான் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்புறம் கடலாமை. பெலெக் கடற்கரை காரெட்டா ஆமைகள் முட்டையிடும் இடம். கோடை இரவுகளில் அந்த மணலில் பளீர் விளக்கு, கூட்டம், ஆரவாரம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும் என்பதால் வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. சங்கீத் நிகழ்ச்சியின் வாணவேடிக்கையைக் கடலோரத்தில் வைக்க முடியவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

புரட்டாசியில் இந்த ஊர் தங்கமாக ஜொலிக்கும். செப்டம்பர் நடுவுக்குப் பிறகு வெயிலின் கூர்மை குறையும், கடல் 27, 26 என்று சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், கூட்டமும் கொஞ்சம் தணியும். நமக்குத்தான் அது கல்யாண மாதம் இல்லை. தேனிலவுக்கோ சும்மா சுற்றிப் பார்க்கவோ வருகிறவர்கள் யோசிக்காமல் அந்த மாதத்தில் வரலாம். ஆண்டில் ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் நான் அக்டோபர் முதல் வாரத்தைச் சொல்வேன்.

கல்யாணக்காரர்களுக்கு ஐப்பசி. அதிலும் முதல் பாதி. அக்டோபர் பின்பகுதியில் பகல் வெப்பம் 25, 26 டிகிரி இருக்கும், தண்ணீர் 24-ஐ ஒட்டி நிற்கும். மே மாதக் கடலை விட அதிகச் சூடு. இருட்டு மட்டும் சீக்கிரம் வரும். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுவதால், "கோல்டன் ஹவர்" படம் கேட்கிறவர்கள் ஐந்து மணிக்கே அலங்காரத்தோடு தயாராக நிற்க வேண்டும். மழையும் இந்த மாதத்தில்தான் எட்டிப் பார்க்கத் தொடங்கும். இடியோடு வந்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் வெயில் அடிக்கும். அதனால் பயந்து மண்டபத்துக்குள் ஓட வேண்டியதில்லை. மணவறைத் துணியை உடனே கழற்றி மாட்டும்படி தைத்துவிட்டால் போதும். ஐப்பசி பின்பாதியில், அதாவது நவம்பரில், நிலைமை மாறத் தொடங்கும்.

அந்த நவம்பரில்தான் அறை விலை இறங்குகிறது. நிறைய ரிசார்ட்டுகள் குளிர்காலத்துக்கு மூடிவிடும், திறந்திருப்பவை யூரோவில் நல்ல தள்ளுபடி கொடுக்கும். கார்த்திகை முகூர்த்தமும் தள்ளுபடியும் கைகோத்து வரும்போது எந்த அப்பாவுக்கும் மறுக்க மனம் வராது. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எதற்கு விலை குறைகிறது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள் என்கிறேன். நவம்பர் பின்பாதியில் தெற்கிலிருந்து லோடோஸ் காற்று கிளம்பினால் கடல் கரைமேல் ஏறி வரும், படகுச் சவாரி ரத்து, பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்று இன்னும் வலுத்தால் மூங்கிலோ இரும்போ எதையும் வெளியே நிறுத்துவது ஆபத்து. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மணவறை, அந்தப் பக்கம் பொங்கும் கடல் என்று ஏற்பாடு செய்துகொண்டால் கார்த்திகைக் கல்யாணமும் அழகுதான். படத்துக்குக் கூட அது தனி அழகு.

தை மாதம் வேண்டவே வேண்டாம். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற நம்பிக்கையில் ஜனவரி பின்பகுதியைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 2019 ஜனவரி கடைசியில் இந்தக் கரையைச் சுழற்காற்று தாக்கியது. பசுமைக் குடில்கள் பிய்ந்து போனதோடு, அந்தாலியா விமான நிலையத்தில் பயணிகள் பேருந்துகள் கவிழ்ந்து ஆட்கள் காயமடைந்தார்கள். 2024 பிப்ரவரியில் பெய்த கனமழையில் நகரத் தெருக்கள் மூழ்கின, பள்ளிகளை மூடினார்கள். ஒவ்வொரு தையிலும் இப்படி நடக்கும் என்று இல்லை. இரண்டு தாழ்வுகளுக்கு நடுவே நாலைந்து நாள் நீலவானமும் 16 டிகிரி இளவெயிலுமாக, எதிரே மலைமுகட்டில் பனி மின்ன, ஊர் சொக்க வைக்கும். அந்த நாலு நாள் எந்தத் தேதியில் விழும் என்பதை ஆறு மாதம் முன்னால் பத்திரிகை அச்சடிக்கும்போது யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயத்தை யாருமே யோசிப்பதில்லை: வெளிச்சம். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தை, அதாவது கோடை நேரத்தையே, வைத்திருக்கிறது. அந்தாலியா அந்த நேரக்கோட்டுக்கு வெகு மேற்கே இருப்பதால் குளிர்காலத்தில் சூரியன் உதிக்க எட்டு மணி ஆகிவிடுகிறது. ஜனவரி தொடக்கத்தில் எட்டு மணி தாண்டியும் கூட! இப்போது "காலை ஆறு முதல் ஏழரைக்குள் முகூர்த்தம், கடற்கரையில் திறந்தவெளியில்" என்று ஒரு கார்த்திகை அழைப்பிதழைக் கற்பனை செய்து பாருங்கள். நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அந்தப் பந்தலை நான்தான் கட்டினேன். முழு இருட்டு. மலையிலிருந்து இறங்கும் விடியற்காலைக் குளிர் 9 டிகிரி. மாப்பிள்ளையும் சாஸ்திரிகளும் மேலே துண்டு மட்டும். மாப்பிள்ளையின் பல் அடித்துக்கொள்வது ஒலிபெருக்கியில் கேட்டது. பெண்ணின் அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஹோட்டலின் குளியல் அங்கியைப் போர்த்திக்கொண்டு மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருந்தார். சூரியன் வந்தபோது எல்லோரும் டிபனுக்குப் போய்விட்டார்கள். புகைப்படக்காரர் மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார். ஜோசியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ராகுகாலம் சூரிய உதயத்தை வைத்துத்தானே கணக்கு? அப்படியானால் இந்த ஊர் உதயத்தை வைத்துப் போட்டுக் கொடுங்கள். எட்டரை மணிக்கு மேல் ஒரு நல்ல நேரம் அகப்படாமலா போய்விடும்?

மாசியில் மழை குறைந்துகொண்டு வரும், கடல் 17 டிகிரியில் தன் அடிமட்டத்தில் இருக்கும். பங்குனியில் ஆரஞ்சுத் தோப்புகள் பூக்கும். தோப்பு வழியே காரில் போகும்போது ஜன்னலை இறக்கினாலே போதும். கடலில் குளிக்கும் எண்ணம் இல்லாமல், நடக்கவும் மலை ஏறவும் டெர்மெசோஸ் மாதிரி உயரத்து இடிபாடுகளைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும் ஜூலையை விடப் பல மடங்கு மேல். குடையும் ஒரு ஸ்வெட்டரும் பெட்டியில் இருக்கட்டும்.

ஹோட்டலோடு ஒப்பந்தம் போடும்போது அறை எண்ணிக்கையையும் இட்லி மாவையும் பற்றி மணிக்கணக்காகப் பேசும் குடும்பங்கள், மழை வந்தால் எந்த மண்டபம், அது அன்றைக்கு நமக்காகக் காலியாக வைக்கப்படுமா, உள்ளே மாற்றும் முடிவை எத்தனை மணிக்குள் யார் எடுப்பது என்ற மூன்றையும் கேட்பதில்லை. வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கரை மணலா கூழாங்கல்லா என்றும் கேளுங்கள். லாரா, பெலெக், சிடே பக்கம் பெரும்பாலும் மணல். கொன்யாஆல்டி, கெமெர் பக்கம் கூழாங்கல், ஏழடி வைக்கும்போது மெட்டி போட்ட கால் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கைப்பேசிச் செயலி காட்டும் பத்து நாள் கணிப்பை வைத்து இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டாம். மூன்று நாளுக்கு முன் துருக்கியின் வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வெளியிடும் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நான் பந்தல் காலில் மணல் மூட்டையைக் கூட்டுவேன். ஆரஞ்சு என்றால் உங்கள் அனுமதியைக் கேட்காமலே உள்ளே கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பு அடுத்த முறை அந்தாலியா பற்றி எழுதும்போது அந்த 300 நாளை விட்டுவிட்டு, மாதவாரியாகப் பகல் வெப்பம், மழை, கடல்நீர் வெப்பம், உதய அஸ்தமன நேரம் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டால் பல குடும்பங்களுக்கு உதவும். தமிழ் மாதத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள், பெரியவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
மணவறை அலங்காரம் செய்யும் ஒரு வாசகி,
அந்தாலியா, துருக்கி